குலுக்கலுக்கு முன்பே எழுதப்படுவது: ஊவா தோட்டங்களிலிருந்து ஓர் உலகக் கிண்ணக் கணக்கு

2026 உலகக் கிண்ண உதைபந்தாட்டத்துக்கான குலுக்கல் விழா 2025 டிசம்பர் 5ஆம் திகதி வாஷிங்டனின் கென்னடி நிலையத்தில் நடந்தது. அது தொடங்கியபோது இலங்கையில் இரவு பத்தரை மணி. ஊவா மலைகள் அந்த வாரம் துக்கத்தில் இருந்தன. அதற்கு ஒரு வாரம் முன்பு, நவம்பர் 28ஆம் திகதி கரையைத் தொட்ட டித்வா புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிருந்தது. மண்சரிவுகளால் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. மலையக ரயில் பாதை பல இடங்களில் உடைந்து கிடந்தது. லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பொது இடங்களில் தஞ்சமடைந்திருந்தன.

அந்த நிலையிலும் 12 குழுக்களின் பட்டியல் மலைகளுக்கு வந்துசேர்ந்தது. பதுளை நகரத்துத் தேநீர்க் கடைகளிலும், பசறை, மடுல்சீமை, ஹாலிஎல, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களிலும் பழைய வழக்கு விசாரணை மறுபடி தொடங்கியது. பிரேசிலுக்கு இந்த முறை எளிதா, கடினமா? ஆர்ஜென்டீனா கிண்ணத்தைத் தக்கவைக்குமா? நோர்வே இருக்கும் குழுவில் பிரான்ஸ் தப்புமா?

இந்தப் பேச்சை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவது பிழை. முழுமையாகத் தெரியாத எதிர்காலத்தைத் தெரிந்த சில தகவல்களைக்கொண்டு எடைபோடும் அறிவுப் பயிற்சி இது. பள்ளிப் பாடத்தில் நிகழ்தகவைத் தொட்டுக்கூடப் பாராத ஒருவர் இங்கே அதைத் தன் சொந்த மொழியில் செய்கிறார். அந்தப் பயிற்சியைக் கூர்ந்து கவனித்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. குலுக்கலில் அதிர்ஷ்டத்தின் பங்கு நாம் நினைப்பதைவிடச் சிறியது. குலுக்கலுக்காகத் தரவரிசைப்படி பிரிக்கப்படும் குடுவைகளுள் ஓர் அணி எதில் வைக்கப்படுகிறது என்பதே பெரிய கேள்வி, அதற்கான விடை குலுக்கலுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. கொழுந்தின் தரம் நிறுவையில் தீர்மானமாவதில்லை, மலையிலேயே தீர்ந்துவிடுகிறது. அணிகளின் கதையும் அதுதான். இதை உலக அணிகளின் கணக்கிலிருந்து தொடங்கி இலங்கை அணியின் கணக்குவரை, இறுதியில் ஊவாவின் பிள்ளைகள்வரை கொண்டுபோய்ப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று அளவுகோல்கள்

ரசிகர்கள் அணிகளை எடைபோடும் முறையைப் பிரித்துப் பார்த்தால் அதில் மூன்று அளவுகோல்கள் தெரிகின்றன. முதலாவது, பெயர். 1930 முதல் 2022 வரை நடந்த 22 உலகக் கிண்ணங்களை வென்றவை எட்டு நாடுகள் மட்டுமே: பிரேசில் ஐந்து, ஜேர்மனியும் இத்தாலியும் தலா நான்கு, ஆர்ஜென்டீனா மூன்று, உருகுவேயும் பிரான்சும் தலா இரண்டு, இங்கிலாந்தும் ஸ்பெயினும் தலா ஒன்று. கடைசியாக ஒரு புதிய நாடு வென்றது 2010இல், அது ஸ்பெயின். ஆகவே "பெரிய பெயர்தான் வெல்லும்" என்று சொல்லும் முதியவர் ஆதாரமில்லாமல் பேசவில்லை.

இரண்டாவது, ஆள். மெஸ்ஸி, ரொனால்டோ, எம்பாப்பே, ஹாலண்ட் என்று ஒருவரை வைத்து ஓர் அணியை அளப்பது. இளைஞர்களிடம் இந்த அளவுகோல் வலுவாக இருக்கிறது. கைத்தொலைபேசியில் அவர்கள் வாரந்தோறும் பார்ப்பது கழகங்களின் ஆட்டத்தை. தேசிய அணிகள் ஆண்டுக்குச் சில முறைதான் கூடுகின்றன. கழக ஆட்டத்தில் ஒருவர் காட்டும் திறமை தேசிய அணியில் அப்படியே வெளிப்படும் என்று நம்புவது இந்த அளவுகோலின் பலவீனம்.

மூன்றாவது, பாதை. எந்தக் குழு, அடுத்த சுற்றில் யார், காலிறுதிக்குள் யாரைச் சந்திக்க நேரும் என்று பார்ப்பது. மூன்றிலும் இதுவே கடினமானது, பயனுள்ளதும் இதுவே. குலுக்கல் முடிந்த மறுநாளே காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து அடுத்தடுத்த சுற்றுகளை வரைந்துபார்க்கும் ஆட்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அவர்களுடைய காகிதத்தில் இருப்பதை மதிப்போடு படிக்கவேண்டும்.

குடுவை சொல்வது கடந்தகாலத்தை

48 அணிகளும் நான்கு குடுவைகளாகப் பிரிக்கப்பட்டன. போட்டியை நடத்தும் மெக்சிக்கோ, கனடா, அமெரிக்கா மூன்றும் முதல் குடுவையில் இடம்பெற்றன. அவற்றுடன் தரவரிசையில் முன்னிலை வகித்த ஸ்பெயின், ஆர்ஜென்டீனா, பிரான்ஸ், இங்கிலாந்து, பிரேசில், போர்த்துக்கல், நெதர்லாந்து, பெல்ஜியம், ஜேர்மனி ஆகிய ஒன்பதும் சேர்ந்தன. ஒரே கண்டத்து அணிகள் ஒரே குழுவில் வரக்கூடாது என்ற விதியும் இருந்தது. ஐரோப்பாவுக்கு மட்டும் ஒரு குழுவில் இரண்டு வரை அனுமதி. போதாததற்கு, முதல் நான்கு இடங்களில் இருந்த ஸ்பெயின், ஆர்ஜென்டீனா, பிரான்ஸ், இங்கிலாந்து ஆகியவை தத்தம் குழுக்களில் முதலிடம் பெற்றால் அரையிறுதிக்கு முன் ஒன்றையொன்று சந்திக்காதபடி அவற்றின் பாதைகளும் பிரித்து வைக்கப்பட்டன. இத்தனை வேலிகளுக்கு நடுவேதான் அதிர்ஷ்டம் நடமாடியது.

இந்த வேலிகளைப் போடுவது தரவரிசை. 2018 ஓகஸ்ட் முதல் பீஃபா பயன்படுத்தும் முறை, சதுரங்கத்துக்காக ஆர்பட் எலோ வகுத்த கணக்கின் வழி வந்தது. ஓர் ஆட்டத்துக்கு முன்னரே இரு அணிகளின் புள்ளி வித்தியாசத்திலிருந்து எதிர்பார்ப்பு கணிக்கப்படுகிறது. வெற்றிக்கு 1, சமநிலைக்கு 0.5, தோல்விக்கு 0 என்று வைத்தால், 200 புள்ளி முன்னிலையில் உள்ள அணியிடம் எதிர்பார்க்கப்படுவது ஏறத்தாழ 0.68. எதிர்பார்ப்பைவிட நன்றாக ஆடினால் புள்ளி ஏறும், மோசமாக ஆடினால் இறங்கும். ஆட்டத்தின் முக்கியத்துவத்துக்கும் எடை உண்டு. நட்புரீதியான ஆட்டத்துக்கு அதிகபட்சம் 10, உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்துக்கு 25, உலகக் கிண்ணக் காலிறுதிக்கும் அதற்கு மேலும் 60.

நேர்மையான முறைதான். ஆனாலும் அது சொல்வது கடந்தகாலத்தை. இதற்கு 2026 குலுக்கலில் தெளிவான சாட்சி நோர்வே. தகுதிகாண் சுற்றில் அந்த அணி எட்டு ஆட்டங்களில் எட்டையும் வென்று 37 கோல்கள் அடித்தது. நான்கு முறை உலக சம்பியனான இத்தாலியைச் சொந்த மண்ணில் 3–0 என்றும், மிலான் நகரில் 4–1 என்றும் தோற்கடித்தது. ஹாலண்ட் மட்டும் 16 கோல்கள் அடித்தார். அத்தகைய அணி மூன்றாம் குடுவையில் கிடந்தது. 1998க்குப் பிறகு உலகக் கிண்ணத்துக்கே வராத நீண்ட வறட்சி அதன் புள்ளிகளைக் கீழே பிடித்திருந்தது. விளைவாக, பிரான்ஸ், செனகல், நோர்வே மூன்றும் ஒரே குழுவில் வந்து விழுந்தன. 2002இல் நடப்புச் சம்பியனாக வந்த பிரான்சைத் தொடக்க ஆட்டத்திலேயே 1–0 என வீழ்த்திய அதே செனகல்.

"மரணக் குழு" என்று ரசிகர்கள் பெயரிடுவது இப்படி உருவாகும் குழுவுக்குத்தான். தரவரிசைக்கும் இன்றைய பலத்துக்கும் இடையே இடைவெளி விழும் இடத்தில் மரணக் குழு பிறக்கிறது. குலுக்கிய கையைக் குறைசொல்லிப் பயனில்லை.

பெயரை மட்டும் நம்புவோருக்கு இன்னொரு எச்சரிக்கையும் இந்தக் குலுக்கலில் இருக்கிறது. பிரேசில், மொரோக்கோ, ஸ்கொட்லாந்து மூன்றும் 1998இல் ஒரே குழுவில் இருந்தவை. இப்போது மறுபடியும் ஒன்றாக வந்திருக்கின்றன, கூடவே 1974க்குப் பிறகு முதன்முறையாக வரும் ஹெய்ட்டி. 1998இல் பிரேசில் மொரோக்கோவை 3–0 என எளிதாக வென்றது. 2022இல் அரையிறுதியை எட்டிய முதல் ஆபிரிக்க நாடு மொரோக்கோ. 2023 மார்ச்சில் தாஞ்சியர் நகரில் நடந்த நட்பு ஆட்டத்தில் அது பிரேசிலை 2–1 எனத் தோற்கடித்தது. பழைய நினைவு மட்டும் போதாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

குழுவைவிட எதிர்க் குழு

குலுக்கல் முடிந்ததும் எல்லோரும் பார்ப்பது தங்கள் அணியின் குழுவை. கூர்ந்த ரசிகர் அடுத்து இன்னொரு குழுவைப் பார்க்கிறார். 12 குழுக்களில் முதல் இரண்டு இடங்களைப் பெறும் 24 அணிகளும், மூன்றாம் இடம் பெற்றவற்றுள் சிறந்த எட்டும் 32 அணிகளின் சுற்றுக்குப் போகின்றன. அதாவது மூன்றில் இரண்டு பங்கு அணிகள் தப்பிவிடும். 32 அணிகள் ஆடிய காலத்தில் பாதி அணிகள் குழுநிலையிலேயே வெளியேறின. ஆகவே குழுநிலையின் கூர்மை குறைந்து, அதற்கடுத்த நொக்-அவுட் சுற்றின் ஆபத்து கூடியிருக்கிறது.

அந்தச் சுற்றில் யார் யாரைச் சந்திப்பார்கள் என்ற வரைபடம் முன்கூட்டியே வகுக்கப்பட்டது. பிரேசிலின் குழுவும் நெதர்லாந்து, ஜப்பான், துனீசியா உள்ள குழுவும் எதிரெதிரானவை: ஒன்றின் முதலிடம் மற்றதன் இரண்டாமிடத்தைச் சந்திக்கும். அப்படியானால் பிரேசில் தன் குழுவைத் தாண்டிய உடனே நெதர்லாந்தையோ ஜப்பானையோ எதிர்கொள்ள நிறைய வாய்ப்பு உண்டு. 2025 ஒக்டோபரில் டோக்கியோவில் பிரேசிலை 3–2 என வென்றது இதே ஜப்பான், பிரேசிலுக்கு எதிராக அதன் முதல் வெற்றி அது. அல்ஜீரியா, ஒஸ்திரியா, ஜோர்தான் ஆகியவற்றுடன் சேர்ந்த ஆர்ஜென்டீனாவின் குழு பார்வைக்கு இலகுவானது. ஆனால் அதன் எதிர்க் குழுவில் ஸ்பெயினும் உருகுவேயும் இருக்கின்றன. முதலிடம் பெற்றால் பெரும்பாலும் உருகுவே, இரண்டாமிடம் பெற்றால் பெரும்பாலும் ஸ்பெயின். "ஆர்ஜென்டீனாவுக்கு நல்ல குழு" என்று சொல்வது பாதி உண்மை.

மூன்றாம் இடம் பெற்றாலும் தப்பலாம் என்ற ஏற்பாடு தடுமாறித் தொடங்கும் பலமான அணிகளுக்குப் பெரிய காப்பு. 1994இல் இத்தாலி தன் குழுவில் மூன்றாவதாக வந்து இறுதியாட்டம் வரை போனது. 2016 ஐரோப்பியக் கிண்ணத்தில் போர்த்துக்கல் குழுநிலையின் மூன்று ஆட்டங்களையும் சமநிலையில் முடித்து மூன்றாம் இடம் பெற்றது. கடைசியில் கிண்ணத்தைத் தூக்கியதும் அதுவே. அந்தப் போட்டியிலும் 24 அணிகளில் 16, அதாவது இதே மூன்றில் இரண்டு பங்கு, அடுத்த சுற்றுக்குப் போயின.

"நிச்சயம்" என்ற சொல்லின் விலை

ரசிகர் பேச்சில் அடிக்கடி வரும் சொல் "நிச்சயம்". அந்தச் சொல்லைக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். மிகப் பலமான ஓர் அணி ஒவ்வொரு நொக்-அவுட் ஆட்டத்திலும் வெல்ல 75 சதவீத வாய்ப்புப் பெற்றிருக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். முன்பு கிண்ணத்துக்கு நான்கு நொக்-அவுட் ஆட்டங்கள் போதும். 0.75ஐ நான்கு முறை பெருக்கினால் ஏறத்தாழ 32 சதவீதம். இப்போது ஐந்து ஆட்டங்கள் வேண்டும். ஐந்து முறை பெருக்கினால் 24 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. எல்லோரும் நம்பும் அணிகூட நான்கில் மூன்று முறை கிண்ணமில்லாமல் வீடு திரும்பும் என்பது இதன் பொருள். ஒவ்வொரு ஆட்டத்திலும் 80 சதவீதம் என்று உயர்த்தினாலும் மொத்தம் 33 சதவீதத்தை எட்டாது.

கடந்த கால அனுபவமும் இதையே சொல்கிறது. 2014இல் உருகுவே, இத்தாலி, இங்கிலாந்து என்ற மூன்று முன்னாள் சம்பியன்களுடன் சேர்க்கப்பட்ட கொஸ்டா ரிக்காவுக்கு அனுதாபம் மட்டுமே கிடைத்தது. அந்தக் குழுவில் முதலிடம் பெற்றுக் காலிறுதிக்குப் போனது கொஸ்டா ரிக்காதான். 2018இல் நடப்புச் சம்பியன் ஜேர்மனி, சுவீடன், மெக்சிக்கோ, தென் கொரியா இருந்த குழுவில் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டது. 2022இல் ஜப்பான் ஜேர்மனியையும் ஸ்பெயினையும் 2–1 என வென்று குழுவில் முதலிடம் பெற்றது. அதே ஆண்டு நவம்பர் 22ஆம் திகதி சவூதி அரேபியா ஆர்ஜென்டீனாவை 2–1 எனத் தோற்கடித்தது, ஆனாலும் டிசம்பர் 18ஆம் திகதி கிண்ணத்தைத் தூக்கியது ஆர்ஜென்டீனா. ஒரு தோல்வி ஓர் அணியை முடித்துவிடுவதில்லை, ஒரு பெயர் ஓர் அணியைக் காப்பாற்றுவதுமில்லை.

இந்தக் கணக்கோடு தோட்டத்து ரசிகர் இன்னொரு கணக்கையும் போடவேண்டியிருக்கிறது. அது நேரக் கணக்கு. 2022இல் கட்டாரில் நடந்த ஆட்டங்கள் இங்கே பிற்பகல் 3.30 முதல் நள்ளிரவு 12.30 வரை தொடங்கின. இறுதியாட்டம் ஞாயிறு இரவு 8.30க்கு. 2026இல் பிரேசில்–மொரோக்கோ ஆட்டம் ஜூன் 14 ஞாயிறு அதிகாலை 3.30க்கு. ஆர்ஜென்டீனா–அல்ஜீரியா ஆட்டம் ஜூன் 17 புதன் காலை 6.30க்கு, தொழிலாளர் வேலைக்காகப் பெரட்டுக்களத்துக்குப் போகும் வேளையில். இறுதியாட்டம் ஜூலை 20 திங்கள் அதிகாலை 12.30க்கு. கச்சான் காற்று மலையைக் கடந்து வறண்டு வீசி ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைத் தரும் பருவமும் அந்த ஜூலையில்தான் தொடங்குகிறது. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்தில் ஒரு நாள் பேர் விழாமல் போனால் அது வீட்டு அடுப்பில் தெரியும். தூக்கத்தையும் கூலியையும் எதிரெதிரே வைத்து எந்த ஆட்டத்தைப் பார்ப்பது, எதை விடுவது என்று முடிவெடுப்பவர், பாதைகளை எடைபோடுவதில் அவ்வளவு தேர்ச்சி காட்டுவதில் வியப்பில்லை.

யாருடைய கொடி

இங்கே ஒரு கேள்வி எழும். தங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லாத பிரேசிலையும் ஆர்ஜென்டீனாவையும் ஊவாவின் தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் இவ்வளவு நெருக்கமாக ஏற்றுக்கொள்கிறார்கள்? தொலைக்காட்சியும் நட்சத்திர வீரர்களும் ஒரு காரணம். வங்காளதேசத்திலும் கேரளத்திலும் இதே பற்று இருக்கிறது. ஆனால் மலையகத்துக்கு அதற்கும் மேலான ஒரு வரலாறு உண்டு.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரின் எதிர்காலத்தை எண்களாகப் பிரித்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மீதியும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. எஞ்சியிருந்தோருக்கான குடியுரிமைச் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. ஒரே லயத்தில் வாழ்ந்த அண்ணன் தம்பிகள் இரண்டு நாடுகளின் பட்டியல்களில் இடம்பெற்றார்கள். தங்களிடம் யாரும் கேட்காமல் தங்கள் பங்கைப் பிறர் தீர்மானித்த அனுபவம் இந்தச் சமூகத்துக்கு மூன்று தலைமுறைகளாக உண்டு.

அந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது, ஒரு கொடியைத் தானாகவே தேர்ந்தெடுத்து, அதற்காக வாதாடி, தோற்றால் அழுது, மறு உலகக் கிண்ணத்தில் மறுபடியும் அதே கொடியைக் கட்டுவது ஓர் உரிமையின் வெளிப்பாடு என்றே நான் வாசிக்கிறேன். இங்கே யாரும் பத்திரம் கேட்பதில்லை. அணியைப் பற்றி எவ்வளவு அறிந்திருக்கிறார், எவ்வளவு உண்மையாக நிற்கிறார் என்பதே ஒருவரின் தகுதி. இந்தப் பற்றை இரவல் பற்று என்று இகழ்வோர் அதன் பின்னால் உள்ள ஏக்கத்தைக் காணத் தவறுகிறார்கள்.

நம் அணி எந்தக் குடுவையில்?

உலக அணிகளுக்குப் போட்ட கணக்கை இலங்கை அணிக்கும் போடவேண்டும். 2026 உலகக் கிண்ணத்தில் ஆசியாவுக்கு எட்டு நேரடி இடங்கள் கிடைத்தன. முன்பு அது நான்கு. வாசல் இரு மடங்கு அகன்ற அந்தக் காலத்தில் இலங்கை எங்கே இருந்தது? 2023 ஜனவரியில், வெளித்தலையீட்டைக் காரணம் காட்டி, பீஃபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. அந்தத் தடை ஓகஸ்ட் இறுதியில்தான் நீங்கியது. 211 நாடுகள் உள்ள தரவரிசையில் இலங்கை 200ஐத் தாண்டிய இடங்களில் இருந்த காலம் அது. ஆடாத அணிக்குப் புள்ளி ஏற வழியே இல்லை.

அதன் பலன் உடனே கிடைத்தது. ஆசியாவின் கடைநிலை 20 அணிகளுக்கான முதல் சுற்றில் யேமனுடன் இலங்கை சேர்க்கப்பட்டது. 2023 ஒக்டோபரில் முதல் ஆட்டத்தில் 0–3 எனத் தோல்வி, கொழும்பில் 1–1 எனச் சமநிலை. இரண்டே ஆட்டங்களில் இலங்கையின் உலகக் கிண்ணம் முடிந்துவிட்டது. வாஷிங்டனில் பந்துகள் உருளுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முன்பே நம் குலுக்கல் முடிந்துபோயிற்று. அதில் துரதிர்ஷ்டம் என்று சொல்ல எதுவும் இல்லை. நிர்வாகம் குலைந்தது, ஆட்டங்கள் நின்றன, தரவரிசை சரிந்தது, கடைசி வரிசையில் நின்று இரண்டு ஆட்டங்களில் வெளியேறினோம். ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்து பிறந்தது.

இந்தச் சங்கிலி எதிர்த் திசையிலும் இழுபடும் என்பதற்குச் சான்று பின்னாலேயே வந்தது. 2024 செப்டெம்பரில் ஆசியக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில் இலங்கை கம்போடியாவுடன் கொழும்பில் 0–0 என்றும் புனோம் பென்னில் 2–2 என்றும் சமநிலை கண்டு, பெனால்டியில் வென்றது. அதனால் கிடைத்த குழுவில் தாய்லாந்து, துர்க்மெனிஸ்தான், தாய்வான் ஆகிய அணிகள் இருந்தன. கடைசிக் குடுவையிலிருந்து போன இலங்கை, பாங்கொக்கில் தாய்லாந்திடம் 0–1 என மட்டுமே தோற்றது. 2025 ஜூனில் கொழும்பில் தாய்வானை 3–1 என வென்றது. ஜேர்மனி, அவுஸ்திரேலியா, இங்கிலாந்து முதலிய நாடுகளில் வளர்ந்த இலங்கை வம்சாவளி வீரர்கள் அணியில் சேர்ந்தது இதற்கு ஒரு காரணம். குழுவில் முதலிடம் பெறும் அணி மட்டுமே ஆசியக் கிண்ணத்துக்குப் போகும் என்பதால் ஏணி செங்குத்தானது. ஆனாலும் ஏணி இருக்கிறது. 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இந்தியாவை 1–0 என வென்ற நாடு இது. ஆட்டம் நம் மண்ணுக்கு அந்நியமல்ல.

குராசோவும் பதுளையும்

இந்த உலகக் கிண்ணத்தில் முதன்முறையாக ஆடும் நாடுகள் நான்கு: குராசோ, கேப் வேர்டே, ஜோர்தான், உஸ்பெகிஸ்தான். இவற்றுள் குராசோவை ஊவா மக்கள் தனியாகக் கவனிக்கவேண்டும். கரீபியன் கடலில் உள்ள அந்தத் தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ 1 இலட்சத்து 56 ஆயிரம். உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்ற நாடுகளிலேயே மிகச் சிறியது. 2025 நவம்பர் 18ஆம் திகதி கிங்ஸ்டனில் ஜமேக்காவை 0–0 எனத் தடுத்துநிறுத்தி அது உள்ளே வந்தது. கேப் வேர்டேயின் மக்கள்தொகை 5 இலட்சத்தை ஒட்டியது. அது கமரூனைப் பின்தள்ளித் தன் குழுவில் முதலிடம் பெற்றது.

இப்போது நம் எண்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தின் மக்கள்தொகை 8 இலட்சத்து 15 ஆயிரம். மொனராகலையையும் சேர்த்தால் ஊவா மாகாணத்தில் 12 இலட்சத்து 66 ஆயிரம். பதுளை மாவட்டத்தில் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்ட மலையகத் தமிழர் மட்டும் ஏறத்தாழ 1 இலட்சத்து 50 ஆயிரம். ஏறக்குறைய முழுக் குராசோ.

இந்த ஒப்பீட்டை மிகைப்படுத்தக் கூடாது. குராசோவின் வீரர்களில் மிகப் பெரும்பாலோர் நெதர்லாந்தில் பிறந்தவர்கள், அந்நாட்டின் கழகங்களிலும் பயிற்சிக்கூடங்களிலும் வளர்ந்தவர்கள். தீவின் மண் மட்டும் அவர்களை உருவாக்கவில்லை. ஆனால் அதுவே நம் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. சிறு மக்கள்தொகை ஒரு தடையல்ல, சிறு வயதிலேயே முறையான பயிற்சி கிடைக்காததுதான் தடை. ஒன்றரை இலட்சம் பேரிலிருந்து, அவர்களின் உறவு வேர்களிலிருந்து, ஓர் உலகக் கிண்ண அணி எழலாம் என்றால், அதே அளவு மக்கள் வாழும் மலைச்சரிவுகளிலிருந்து ஒரு சில தேசிய வீரர்களாவது எழவேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசை ஆகாது.

எழுவதற்கு என்ன தடை? முதலில் நிலம். ஊவாவின் தோட்டங்கள் செங்குத்தான சரிவுகளில் இருக்கின்றன. சமதரை கிடைப்பதே அரிது, கிடைக்கும் சமதரைக்கும் போட்டி அதிகம். 1992 முதல் பெருந்தோட்டங்கள் குத்தகைக் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருப்பதால், ஓர் ஆடுகளத்தை வெட்டிச் சமப்படுத்துவதற்குக்கூடப் பல கதவுகளைத் தட்டவேண்டும். அடுத்தது, தொடர்ச்சி. தோட்டத்து இளைஞர்களின் ஆட்டம் பெரும்பாலும் திருவிழாவையும் புத்தாண்டையும் ஒட்டிய சிறு போட்டிகளோடு நின்றுவிடுகிறது. பதுளையில் வின்சன்ட் டயஸ் விளையாட்டரங்கு இருக்கிறது. மடுல்சீமையிலோ பூனாகலையிலோ உள்ள பன்னிரண்டு வயதுப் பிள்ளை அங்கே வாரந்தோறும் வந்து பயிற்சி பெற்றுத் திரும்ப பஸ்ஸும் இல்லை, பஸ் கட்டணமும் இல்லை. மூன்றாவது, பள்ளிப் படிப்பை இடையில் விட்டுக் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகும் வயதும், ஒரு வீரன் உருவாகும் வயதும் ஒன்றாக இருப்பது. மலையகத்தால் முடியும் என்பதற்கு நாவலப்பிட்டியின் அப் கன்ட்ரி லயன்ஸ் கழகம் சான்று. அது நாட்டின் உச்சப் போட்டித்தொடரில் ஆடிய கழகம். அமைப்பு கூடும் இடத்தில் ஆட்டமும் கூடுகிறது.

எடைபோடத் தெரிந்தவர்களின் பொறுப்பு

டித்வாவுக்குப் பிறகு ஊவாவில் புதிய குடியிருப்புகள் எழவேண்டியிருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதிலிருந்தே பாதுகாப்பான நிலத்தில் வீடு என்பது இம்மக்களின் முதன்மைக் கோரிக்கை. அந்தக் கோரிக்கையில் எதையும் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் புதிய நிலம் அளக்கப்படும் போதே, வீடுகளின் வரைபடத்தில் ஓர் ஆடுகளமும் குறிக்கப்படவேண்டும். பின்னர் வெட்டலாம் என்று விட்ட இடம் மலையகத்தில் ஒருபோதும் ஆடுகளமானதில்லை என்றே சொல்லலாம். அத்துடன் பாடசாலை மட்டத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் வயதுவாரிப் போட்டித்தொடர், தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர்களுக்குப் பயிற்றுநர் உரிமம், பெண் பிள்ளைகளுக்குத் தனி அணிகள், பயணச் செலவுக்கு ஓர் ஏற்பாடு ஆகியவையும் வேண்டும். இவை பெரும் பணம் கேட்பவை அல்ல, தொடர்ச்சியைக் கேட்பவை.

இந்தக் கோரிக்கைகளை எழுப்பத் தகுதியானவர்கள் ரசிகர்களே. நோர்வே ஏன் மூன்றாம் குடுவையில் இருந்தது, ஆர்ஜென்டீனாவின் எதிர்க் குழு எது, ஐந்து நொக்-அவுட் ஆட்டங்கள் என்றால் என்ன அபாயம் என்று விளக்கத் தெரிந்த ஒருவருக்கு, தன் தோட்டத்துப் பிள்ளை எந்தக் குடுவையில் வைக்கப்பட்டிருக்கிறது, யார் வைத்தார்கள் என்று கேட்கவும் தெரியும். காகிதத்தில் அணிகளின் பாதையை வரைந்த அதே கை, ஒரு பத்து வயதுச் சிறுமி பள்ளி அணியிலிருந்து மாவட்ட அணிக்கும் அங்கிருந்து தேசிய அணிக்கும் போகும் பாதையையும் வரைந்துபார்க்கவேண்டும். எந்தச் சுற்றில் அந்தப் பாதை அறுந்துபோகிறது என்று கண்டுபிடித்து, பிரதேச சபையிலும் மாகாண விளையாட்டுத் திணைக்களத்திலும் தொழிற்சங்கத்திலும் தோட்ட நிர்வாகத்திடமும் அதைப் பெயர் சொல்லிக் கேட்கவேண்டும்.

2026 கிண்ணம் யாருக்கு என்பதில் ஊவா இரண்டாகப் பிரிந்து நிற்கும், நிற்கட்டும். பிரேசிலுக்காகவும் ஆர்ஜென்டீனாவுக்காகவும் வாதாடும் உரிமையை யாரும் கைவிடவேண்டாம். அடுத்த தகுதிகாண் சுற்றில் இலங்கை எந்த வரிசையில் நிற்கும், அந்த அணியில் ஊவாவின் பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள் என்ற இரண்டு கேள்விகளும் அதே சூட்டோடு கேட்கப்படவேண்டும். அவற்றுக்கான விடை எந்தக் கண்ணாடிக் குடுவையிலும் இல்லை. இந்த ஆண்டு அளக்கப்படும் நிலத்திலும், இந்த ஆண்டு தொடங்கப்படும் பள்ளி அணிகளிலும் இருக்கிறது.